டேர்போ சுபாருவுக்குக் கிளச் தெரிவுசெய்ததும் பழக்கியதும்

நான்காம் கியர், எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று, அதாவது 2,500 ரெவ், அக்சிலரேட்டர் அடிவரை. டேர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் ஒழுங்காக ஏறுகிறது. 3,500ஐ நெருங்கும்போது ரெவ் முள் மட்டும் துள்ளி 4,500க்குப் போய்விடுகிறது, ஸ்பீட் முள் இருந்த இடத்திலேயே நிற்கிறது. காலைக் கொஞ்சம் எடுத்தால் ரெவ் இறங்கி வேகத்தோடு சேர்ந்துகொள்கிறது. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் உள்ள செங்கலடியில் இருந்து கரடியனாற்றுப் பக்கம் போகும் வெட்டை ரோட்டில் இதைச் செய்து பார்த்தபிறகு வேறு பரிசோதனை தேவைப்படவில்லை. எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் கிளச் வழுக்குகிறது.

வண்டி 2001ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ். இரண்டு லீற்றர் இஜே20 டேர்போ எஞ்சின், ஐந்து கியர், நான்கு சில்லுக்கும் இழுவை. தொழிற்சாலைக் கணக்கில் 250 குதிரைவலு, டோர்க், அதாவது எஞ்சின் முறுக்கும் விசை, சுமார் 333 நியூற்றன் மீற்றர். அதன்பிறகு சைலன்சர் வரிசை முழுவதையும் பெரிதாக்கி, கம்ப்யூட்டரையும் மறுபடி டியூன் செய்து பூஸ்ட்டைக் கூட்டியிருக்கிறேன். 400 நியூற்றன் மீற்றருக்குக் கிட்ட வரும் என்று வைத்துத்தான் மற்ற எல்லாக் கணக்கும்.

கிளச் எங்கே வழுக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குதிரைவலு உச்சத்துக்குப் போகும் 6,000 ரெவ்வில் இது வழுக்கவில்லை, டோர்க் உச்சத்துக்கு வரும் 3,500–4,000 பகுதியில்தான் வழுக்கியது. கிளச்சுக்குக் குதிரைவலுவைப் பற்றிக் கவலையே கிடையாது. அதற்குத் தெரிந்தது டோர்க் மட்டும். ஆகவே "என் வண்டி முந்நூறு குதிரை, என்ன கிளச் போடலாம்?" என்று கேட்பவரிடம் முதலில் டோர்க் எவ்வளவு என்று திருப்பிக் கேட்க வேண்டும். டேர்போ வண்டியில் அந்த டோர்க் படிப்படியாக வராது, ஒரே தள்ளாக வரும். தொழிற்சாலையில் இருந்தே வந்த ஸ்டொக் கிளச் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கைவிரிக்கும்.

வழக்கமாகப் போகும் ஏறாவூர்க் கராஜில் மெக்கானிக் காக்காவிடம் சொன்னேன். அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பிளேட்டு முடிஞ்சு போச்சு. ஆனா எண்ணெய் பட்டும் இப்பிடி வழுக்கும். கழட்டினாத்தான் சொல்லலாம். அதுக்கு முன்னால என்ன சாமான் போடப்போறீங்க எண்டு முடிவெடுங்க, கழட்டி வச்சிட்டு யோசிக்க ஏலாது" என்றார். அது சரியான பேச்சு. இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் மறுபடி திறந்தார்கள்; அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பழைய வண்டிகளை வைத்திருந்தவர்கள் எல்லோரும் அவற்றையே உயிரோடு வைத்திருக்கப் பாடுபட்டோம். 2022இல் டொலர் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு ஒரு சாமானைப் பிழையாக எடுப்பது கட்டுப்படியாகாது. கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பார்க்கலாம் என்று பஸ் ஏறுவதற்கு முன்னால் வீட்டில் இருந்தே கணக்குப் போட்டேன்.

கணக்கு கஷ்டமானது அல்ல. கிளச் தாங்கும் டோர்க் என்பது உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், எஞ்சினோடு சுற்றும் பிளைவீலின்மேல் கிளச் பிளேட்டை அமுக்கிவைக்கும் பிரஷர் பிளேட்டின் விசை, பிளேட்டின் சராசரி ஆரை, இந்த நான்கின் பெருக்கம். ஒற்றைப் பிளேட்டுக்கு முகம் இரண்டு. இந்த வண்டியின் பிளேட் 230 மில்லிமீற்றர் விட்டம். உள்விட்டத்தை 150 என்று வைத்தால் சராசரி ஆரை 95 மில்லிமீற்றர். பிளேட்டின் முகத்தில் பொருத்தியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங். சாதாரண ஓர்கானிக் (நாரும் பிசினும் சேர்ந்த) லைனிங்கின் உராய்வுக் குணகத்தை 0.3 என்று எடுத்து, அழுத்தும் விசை 6,500 நியூற்றன் என்று வைத்துப் பாருங்கள். விடை 370 நியூற்றன் மீற்றர். 333க்கு அது போதும், 400க்குப் போதாது. இந்த 6,500 கணக்குக்காக நான் வைத்த எண்தான், ஆனால் நடந்ததோடு ஒத்துப்போகிறது.

இனி இதைக் கூட்ட என்ன வழி? ஆரையைப் பெரிதாக்க ஏலாது, பிளைவீலும் அதைச் சுற்றி மூடிய பெல் ஹவுசிங்கும் விடாது. முகங்களைக் கூட்டுவது என்றால் இரட்டைப் பிளேட், அந்த விலையில் இங்கே ஒரு நல்ல மோட்டர் சைக்கிள் வாங்கலாம். மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கைப் பலப்படுத்துவது. மற்றது லைனிங்கை மாற்றி உராய்வைக் கூட்டுவது. அதே 6,500 நியூற்றனில் குணகத்தை 0.4 ஆக்கினால் 494 வருகிறது. ஓர்கானிக் லைனிங்கையே வைத்து ஸ்பிரிங்கை நூற்றுக்கு 30 கூட்டினால் 481 வருகிறது. கடதாசியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ரோட்டில் இரண்டும் இரண்டு வேறு வண்டிகள்.

குணகத்தைக் கூட்டுவது என்றால் நடைமுறையில் செராமிக். பிளேட்டைச் சுற்றி முழு வளையமாக லைனிங் இருக்காமல், ஆறு துண்டு, நான்கு துண்டு, சிலவேளை மூன்று துண்டு மட்டும் இருக்கும். பலர் நினைப்பதுபோல் துண்டு குறைந்தால் பிடி கூடும் என்பது கிடையாது. மேலே உள்ள கணக்கில் பரப்பளவு என்று ஒன்றே இல்லை. பிடி கூடுவது அந்தப் பொருளால். துண்டாக வைப்பது பிளேட்டின் எடையைக் குறைக்கவும் சூட்டை வெளியே விடவும். ஆனால் பரப்புக் குறையும்போது அதே விசை சிறிய இடத்தில் விழுவதால் பிளைவீலும் சேர்ந்து தேயும். இதெல்லாம் கூடப் பெரிய விசயம் அல்ல. செராமிக் பிளேட் பெடலை விடும்போது ஒரு சுவிட்ச் மாதிரி. ஒன்றில் பிடிக்காது, இல்லாவிட்டால் முழுதாய்ப் பிடிக்கும், இடையில் ஒன்றும் இல்லை.

இப்போது பின்னேரம் ஐந்தரை மணிக்கு அந்த வண்டியோடு காத்தான்குடி மெயின் ரோட்டில் நில்லுங்கள். நடுவில் பேரீச்ச மரங்கள், இரண்டு பக்கமும் கடை, முன்னால் ஒரு ஓட்டோ திடீரென்று நிற்கும், பக்கத்தில் பிள்ளைகளை ஏற்றிய சைக்கிள். ஓரடி நகர்ந்து நிற்க வேண்டும், மறுபடி ஓரடி. செராமிக் பிளேட் போட்ட வண்டி ஒவ்வொரு முறையும் ஒன்றில் நின்றுவிடும், இல்லாவிட்டால் குதிக்கும். மட்டக்களப்பில் இருந்து கல்முனைக்குப் போய்வரும் எவருக்கும் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை பஸார் என்று இந்த வேலை வரிசையாக இருக்கிறது. அக்சிலரேட்டரை அடிவரை மிதித்து, முழுத் திறப்பில் ஓட்டும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மாதத்துக்குச் சில நிமிடம் கூட வராது. முதலாம் கியரில் ஊரும் நேரத்துக்குத்தான் கிளச் வாங்க வேண்டும் என்பது என் முடிவு. டோர்க் எண் எவ்வளவு பெரியது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

கெவ்லர் என்னும் பலமான நாரில் செய்த லைனிங்கையும் யோசித்தேன். மெதுவாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதைப் பழக்கும் தூரம் ஓர்கானிக்கை விட மிகவும் கூட. ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடாகி முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் பழைய பிடி திரும்பாது. வண்டியைத் தம்பியும் ஓட்டுவான் என்பதால் கெவ்லரை விட்டுவிட்டேன்.

ஸ்பிரிங் பலமான பிரஷர் பிளேட்டுக்கும் விலை உண்டு. பெடல் கனக்கும். பெடலில் இருந்து எண்ணெய் அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டருக்கும், பிரஷர் பிளேட்டை விடுவிக்கும் கிளச் பெயரிங்குக்கும் வேலை கூடும். பெடலை மிதித்து வைத்திருக்கும் நேரம் முழுவதும் அந்த விசை எஞ்சினின் கிராங் ஷாப்ட் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பெயரிங்கில் போய் விழும். ஆகவே அளவுக்கு மேல் பலம் வேண்டாம். தேவைக்கு மேல் நூற்றுக்கு 20, 25 கூட இருந்தால் போதும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை எப்படி வாசிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஸ்டேஜ் ஒன்று, ஸ்டேஜ் இரண்டு என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவருடைய ஸ்டேஜ் இரண்டு மற்றவருடைய ஸ்டேஜ் ஒன்று. டோர்க் எண்ணை மட்டும் பாருங்கள், அதுவும் எந்த அலகில் என்று பார்த்து. அமெரிக்கச் சாமானில் 300 என்று இருந்தால் அது பவுண்ட்-அடி, 1.356ஆல் பெருக்கினால் சுமார் 407 நியூற்றன் மீற்றர். அந்த எண் எஞ்சினில் அளந்த டோர்க்கா, சில்லில் அளந்த டோர்க்கா என்பதையும் கேட்க வேண்டும். நான்கு சில்லு இழுவை வண்டியில் இரண்டுக்கும் இடையில் நல்ல வித்தியாசம் இருக்கும்.

கடைசியில் எடுத்தது முழு வளைய ஓர்கானிக் பிளேட், நடுவில் ஸ்பிரிங் உள்ள ஹப், அதோடு பலமான பிரஷர் பிளேட். கிளச் பெயரிங்கும் புதிது. எண் 480க்குச் சற்று மேல். எடை குறைந்த பிளைவீல் ஒன்றையும் கடைக்காரர் சேர்த்துத் தள்ளப் பார்த்தார். ஏசி போட்டுக்கொண்டு ஊரும் வண்டிக்குப் பிளைவீலின் எடை ஒரு உதவி, அதைக் காசு கொடுத்து ஏன் குறைக்க வேண்டும்?

கழற்றும் வேலையில் சுபாருக்காரர்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த டேர்போ ஐந்து கியர் வண்டிகளில் கிளச் பெயரிங் பிரஷர் பிளேட்டைத் தள்ளாது, இழுக்கும். பெயரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களுக்குள் மாட்டிக்கொண்டு இருக்கும். ஆகவே மற்ற வண்டிகளில் போல போல்டுகளைக் கழற்றிவிட்டுக் கியர் பொக்ஸைப் பின்னால் இழுத்தால் வராது. முதலில் டேர்போக் காற்றைக் குளிர்த்தும் இன்டர்கூலரைக் கழற்றினோம். அதற்குக் கீழேதான், பெடலின் அழுத்தத்தை வாங்கி வேலைசெய்யும் கிளச்சின் ஸ்லேவ் சிலிண்டர். பிறகு பெல் ஹவுசிங்கில் உள்ள மூடியை பத்தாம் நம்பர் எலன் கீ போட்டுத் திறக்க வேண்டும். இருபது வருட மண்ணும் உப்புக் காற்றும் அதை இறுக்கி வைத்திருந்தன. காக்கா எலன் கீயைப் பொருத்தி, அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினார், கிறீச் என்று விட்டது. உள்ளே பெயரிங்கை அசைக்கும் போர்க் (கவை) இருக்கும், அதன் ஷாப்டில் மரை வெட்டியிருக்கிறது. அதில் ஆறு மில்லிமீற்றர் போல்ட் ஒன்றைப் பூட்டி, அந்தப் போல்டைப் பிடித்து இழுத்தால் ஷாப்ட் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அப்போது போர்க் விடுபடும், கியர் பொக்ஸ் பிரியும். இது தெரியாமல் கம்பி போட்டு நெம்பி பெல் ஹவுசிங்கை வெடிக்கவைத்த கதைகள் இருக்கின்றன.

பழைய பிளேட்டைக் கையில் எடுத்தபோது ரிவெட்டுகள் லைனிங்கின் மட்டத்துக்கே வந்திருந்தன. எண்ணெய்க் கசிவு இல்லை, எஞ்சினின் பின்பக்க மெயின் சீலில் ஈரமே இல்லை. ஆனாலும் கியர் பொக்ஸ் இறங்கிய நேரத்தில் அந்தச் சீலை மாற்றாமல் விடுவது மடத்தனம், மாற்றினோம். பிளைவீல் முகத்தில் நீலமும் கருப்புமாய்க் காசளவில் அடையாளங்கள். அவை சூட்டில் இறுகிப்போன இடங்கள். இரும்பு அந்த இடங்களில் மட்டும் உருக்குக் கத்தி மாதிரிக் கடினமாகிவிடும்.

இங்கேதான் லேத் பட்டறையில் ஒரு விவாதம் வந்தது. லேத்தில் ஒரு கட் எடுத்துத் தருகிறேன் என்றார் பட்டறைக்காரர். இறுகிய இடத்துக்கு வரும்போது லேத் கத்தி அதன்மேல் ஏறி இறங்கும், அங்கே கண்ணுக்குத் தெரியாத மேடு மிஞ்சும். பிறகு ஒவ்வொரு தடவை நகரும்போதும் வண்டி நடுங்கும், பழி புதிய கிளச்சின்மேல் விழும். கல்லால் அரைக்கும் மிஷினில்தான் இதைச் செய்ய வேண்டும். அரைக்கும் மிஷின் உள்ள இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோனோம். உங்கள் வண்டியின் பிளைவீலில் போல்ட் பிடிக்கும் விளிம்பும் உராயும் முகமும் வேறு வேறு உயரத்தில் இருந்தால், முகத்தில் எவ்வளவு எடுக்கிறார்களோ விளிம்பிலும் அவ்வளவு எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் குறையும், காசு கொடுத்து வாங்கிய பலம் அங்கேயே போய்விடும்.

பூட்டும்போது சுத்தம்தான் முக்கியம். அரைத்த பிளைவீலில் தூள் இருக்கும், புதிய பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். இரண்டையும் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து, வெள்ளைத் துணியில் கறை வராத வரைக்கும் துடைத்தோம். பிளேட்டின் லைனிங்கைக் கிரீஸ் கையால் தொடக்கூடாது. ஷாப்டின் பல்லுகளுக்குக் கிரீஸ் பூசுவது மிக மெல்லியதாக, பூசிவிட்டுப் பிளேட்டை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, வெளியே பிதுங்கியதைத் துடைக்க வேண்டும். பிரஷர் பிளேட் போல்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் டோர்க் ரெஞ்ச் போட்டு. கியர் பொக்ஸ் ஏறிய பிறகு போர்க்கை அசைத்தால் பெயரிங் விரல்களுக்குள் மாட்டும் 'டக்' சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காமல் ஸ்லேவ் சிலிண்டரைப் பூட்ட வேண்டாம்.

சரி, பழக்குவது.

புதிய பிளேட்டும் புதிதாய் அரைத்த பிளைவீலும் முதலில் முழுதாகத் தொட்டுக்கொள்வதில்லை. நுண்ணிய மேடுகள் மட்டும்தான் தொடுகின்றன. அந்த நிலையில் முழு பூஸ்ட்டை விட்டால் எல்லாச் சூடும் அந்த மேடுகளில் குவியும், லைனிங்கில் உள்ள பிசின் வெந்து மேலே வந்து பளபளப்பாகப் படியும். அதன்பிறகு பிடி வராது. மெதுவாக, பல தடவை, சூடாக்காமல் பிடிக்க விட்டால் இரண்டு முகமும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்திக்கொள்ளும், லைனிங்கும் சிறிது சிறிதாகப் பதப்படும். அதனால் புதிய கிளச்சின் உண்மையான பிடி முதல்நாள் இருக்காது, பிறகுதான் வரும்.

கிளச் செய்பவர்கள் பொதுவாகச் சொல்வது 500 மைல், அதாவது 800 கிலோமீற்றர். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பலர் ஏமாறுகிறார்கள். மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்கு ஒருதடவை போய்த் திரும்பினால் 600 கிலோமீற்றருக்கு மேல் மீட்டரில் ஏறிவிடும். ஆனால் டொப் கியரில் ஓடும்போது கிளச் பிடித்தபடியே இருக்கிறது, ஒன்றும் தேய்வதில்லை. அப்படி ஓடிய தூரத்தைப் பழக்கிய தூரமாகக் கணக்கெடுக்க ஏலாது. கிளச் பழகுவது பெடலை விட்டு நகரும் ஒவ்வொரு தடவையும்தான். எங்கள் பக்கம் சமதரை, சிக்னலும் குறைவு. ஆகவே நகரும் வேலையைத் தேடிப் போக வேண்டும்.

நான் தேடிப் போனது மேலே திட்டிய அதே காத்தான்குடி ரோட்டைத்தான். வேலை முடிந்து கல்லடிப் பாலம் தாண்டி, ஆரையம்பதி வரை போய்த் திரும்புவது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்முனை பஸார். 1,200 ரெவ் அளவில் நகர்த்தி, பெடலை இழுக்காமல் சுருக்காக முழுதாய் விட்டு, 3,000க்கு முன் கியர் மாற்றி. முன்னால் வண்டி நின்றால் நியூட்ரல், அரைக் கிளச்சில் பிடித்துக்கொண்டு நிற்பது அறவே இல்லை. பூஸ்ட்டையும் டியூனரிடம் சொல்லி, பூஸ்ட் அளவு மீறாமல் திறந்துவிடும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங் தரும் அளவுக்கே குறைத்து வைத்தேன். வண்டி பலம் குறைந்ததாய் இருந்தால் காலும் தானாய் அடங்கும்.

முதல் நாட்களில் லேசான கருகல் மணம் வந்தது, அது வழக்கம். மணம் கூடிக்கொண்டே போனால்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். மாரி தொடங்கியபிறகு காலையில் முதல் நகர்த்தலில் வண்டி கொஞ்சம் நடுங்கியது. இரவு ஈரத்தில் பிளைவீலில் மெல்லிய துரு படிந்திருக்கும், இரண்டு மூன்று தடவை நகர்த்தியதும் அது போய்விடும். கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைக்காமல் இருப்பது இதற்கும் நல்லது.

பழக்கி முடிந்தது என்று எப்படித் தெரியும்? பெடல் பிடிக்கும் இடம் நிலைத்துவிட்டது, நடுக்கமும் மணமும் நின்றுவிட்டன. அப்புறம் பூஸ்ட்டைப் படிப்படியாகக் கூட்டி, செங்கலடிச் சந்தியில் திரும்பி அதே ரோட்டில் மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றம் வரை போனேன். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான். ஏற்றத்தில் நான்காம் கியரில் 2,500இல் இருந்து முழுத் திறப்பு. ரெவ் முள்ளும் ஸ்பீட் முள்ளும் ஒன்றாகவே ஏறின. ஏற்றத்தில் நிறுத்தி நகர்த்தியபோதும் குதிப்பு இல்லை. பெடல் முன்னையதை விடக் கனம், இடது கால் அதற்குப் பழகிவிட்டது.

இவ்வளவும் செய்தபிறகும் செய்யக்கூடாத ஒன்று, ரெவ்வை ஏற்றிவைத்துப் பெடலைச் சடாரென்று விட்டுக் கிளம்புவது. முன்சில்லு இழுவை வண்டியில் அப்படிச் செய்தால் டயர் சுற்றி அந்தச் சக்தியை விழுங்கும். நான்கு சில்லும் ரோட்டைப் பிடிக்கும் வண்டியில் டயர் சுற்றாது, கிளச் விழுங்கும். கிளச்சும் விழுங்காவிட்டால் இந்த ஐந்து கியர் பொக்ஸின் பல்லு விழுங்கும்.

லான்சர் எவலூஷன் வைத்திருக்கும் அக்கரைப்பற்று மச்சான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரிதான், ஆனா எனக்கு ஆறு துண்டு செராமிக்தான்டா வேணும்" என்றான். அவனுடைய வண்டி வாரநாட்களில் கராஜுக்குள் நிற்கும், எடுப்பது கால்மைல் ரேஸ் பயிற்சிக்கு மட்டும். பஸாருக்கு அவன் போவது ஸ்கூட்டியில். அவனுக்கு ஆறு துண்டு சரி என்றுதான் நானும் சொன்னேன். அவனுடைய பிளைவீலையும் அதே அரைக்கும் மிஷினுக்குத்தான் அனுப்பியிருக்கிறோம்.